ஜன்னல் வழியாகப் போட்ட பாஸ்போர்ட்

மலேசியாவின் கிள்ளானில் பிறந்து வளர்ந்த எனக்குத் திண்டிவனத்தில் வெளிநாட்டுக்காரி என்ற பெயர் வாயைத் திறந்ததால்தான் வந்தது. பார்க்க எல்லோரையும் போலத்தான் இருப்பேன். ஆனால் காலையில் பக்கத்து வீட்டம்மாவிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டால் போதும், சிரித்துவிடுவார். பிறகு கேள்விகள் வரும். அங்கே என்ன சம்பளம், வீட்டுக்காரரை எப்படிப் பழக்கம், ஏன் இன்னும் குழந்தை இல்லை. கணவர் அங்கே வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது அவரோடு வந்தவள் நான். வந்து ஒரு வருடமாகியும் எனக்கு இங்கே கால் தரிக்கவில்லை. ரோட்டைக் கடக்க நின்றால் நின்றுகொண்டே இருப்பேன். வரிசையில் நிற்கலாமென்றால் வரிசையே இருக்காது. எனக்கு முன்கோபம் வேறு.

எல்லாவற்றிலும் மோசம் பஸ் ஸ்டாண்டு. சென்னையிலிருந்து வருகிற பஸ்களில் பாதி ஊருக்குள் வராமல் மேம்பாலத்தோடு போய்விடும். உள்ளே வருகிற பஸ் நிற்பதற்குள் ஆட்கள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டோ கைக்குட்டையோ போட்டு இடம் பிடிப்பார்கள். முதல் மாதத்தில் நான் அப்படிக் கிடந்த ஒரு துண்டை எடுத்து, அழகாக மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தேன். துண்டுக்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

விசா நீட்டிப்புக்காக விழுப்புரம் போன அன்றுதான் நானும் துண்டு போட்டேன். பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் நேரில் காட்ட வேண்டும். அன்றே கடைசி நாள், அதுவும் மதியத்துக்குள். கணவர் வண்டி ஓட்டிக்கொண்டு சென்னையில் இருந்தார். இரண்டு பஸ்ஸில் என்னால் ஏறவே முடியவில்லை. மூன்றாவதாக வந்தவாசியிலிருந்து ஒரு பஸ் உள்ளே நுழைந்ததும் நானும் ஓடினேன். ஜன்னலோரம் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார், பக்கத்து இடம் காலி. என் கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் ஃபைல்தான். அவர் மடிக்கு மேலாக அதை அந்த இடத்தில் போட்டேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நான் செய்ததை உள்ளூர்க் குழந்தைகூடச் செய்யாது. இடம்தான் பிடித்தாகிவிட்டதே, இனி என்ன அவசரம் என்று தண்ணீரும், இங்கே மல்லாட்டை என்கிற வேகவைத்த நிலக்கடலை ஒரு பொட்டலமும் வாங்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் பஸ் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. உள்ளே என் பாஸ்போர்ட்.

கொஞ்ச தூரம் ஓடினேன். பிறகு டைம் கீப்பரிடம் போய்க் கத்தினேன். அவர் நோட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இன்னாத்துக்கும்மா பேஜாராவுறீங்க? பின்னாடியே ஒரு வண்டி கெளம்புது, ஏறுங்க. சீட்டுல போட்டது எங்கியும் போவாது."

"அதுல என் பாஸ்போர்ட் இருக்கு."

இப்போது தலையை எடுத்தார். "பாஸ்போர்ட்டையா போட்டீங்க?"

அடுத்த பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போனேன். கூட்டேரிப்பட்டில் நின்றது. விக்கிரவாண்டியில் நின்றது. நடுவில் ஒரு ஆள் கை காட்டினாலும் நின்றது. ஒவ்வொரு தடவையும் ஒரே நினைப்புதான். யாராவது ஃபைலைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்திருப்பார்கள். நானாக இருந்தால் எறிந்திருப்பேன். பாஸ்போர்ட் இல்லாமல் இங்கே இருக்கவும் முடியாது, திரும்பிப் போகவும் முடியாது. கணவரைக் கூப்பிட நம்பரை எடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் போனை உள்ளே வைத்தேன். இந்த ஊரும் வேண்டாம், இந்த ஓட்டமும் வேண்டாம் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விழுப்புரத்தில் இறங்கி ஓடினேன். அந்தப் பஸ் ஓரமாக நின்றிருந்தது. டிரைவர் இல்லை, எல்லோரும் இறங்கிவிட்டிருந்தார்கள். அந்த அம்மா மட்டும் அதே ஜன்னலோரத்தில் இருந்தார். பக்கத்து இடத்தில் என் ஃபைல். அதன் மேல் அவர் கை.

படியில் நின்ற கண்டக்டர் என்னைப் பார்த்ததும் பொரிந்தார். "நீங்கதானா அது? வழி முச்சூடும் சண்டை. எங்கிட்ட குடுத்துட்டு எறங்குங்கன்னாலும் கேக்க மாட்றாங்க."

அந்த அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "பின்வாசல்ல நீ ஏறியிருப்பன்னு பாத்துக்கினே வந்தேன். விக்கிரவாண்டியில ஒருத்தன் எடுன்னு நின்னான். ஆளு வருது போய்யான்னுட்டேன். எங்கடி போன?"

கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். காகிதம் நனைந்து கிழிந்திருந்தது.

"மல்லாட்டை வாங்கவா?"

தலையாட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். மகளைப் பார்க்கக் கண்டாச்சிபுரம் போகிறாராம். அந்த ஊர்ப் பஸ் இப்போதுதான் போனது, அடுத்தது எப்போதென்று தெரியாது என்று கண்டக்டர் சொன்னார்.

"ஃபைல எடுத்துக்கிட்டு எறங்கியிருக்கலாமேம்மா," என்றேன்.

"எறங்கிட்டா? துண்டு போட்டவ இந்த எடத்தத் தேடித்தான வருவ?"

காலி பஸ் அது. ஐம்பது பேர் உட்காரலாம். அவர் ஃபைலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் சீட்டை ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒக்காரு. ஒரு நிமிஷம் ஒக்காந்துட்டு ஜல்தியா போ."

மதியத்துக்கு இன்னும் நேரமிருந்தது. உட்கார்ந்தேன்.