சிரிப்புக்காக நின்ற கலியபெருமாள் அண்ணன்

அரியலூரிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என்னை நிறுத்திச் சொன்னார். "உங்க டிவி வூட்டுக்காரர் போயிட்டாருங்க. நேத்தே எடுத்துட்டாங்க." கலியபெருமாள் அண்ணனுக்கும் எனக்கும் உறவில்லை. டிவி தொடரில் அவருக்கு மனைவியாக நடித்தேன், அவ்வளவுதான். உறவில்லாதவளுக்கு யார் ஆளனுப்புவார்கள்? கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் கோபமாகத்தான் இருக்கிறது.

அண்ணன் சுண்ணாம்புக்கல் குவாரியில் கல்லுடைத்தவர். வெடி வைக்கும்போது சங்கு ஊதியதும் எல்லோரும் கொட்டகையில் ஒதுங்கி நிற்பார்கள். அந்த நேரத்தில் கூட நிற்பவர்களைச் சிரிக்கவைக்கத் தொடங்கியவர், பிறகு கல்லங்குறிச்சித் திருவிழா வரைக்கும் தனியாளாக மேடையேறினார். ஒன்றைச் சொல்லிவிட்டு அசையாமல் நிற்பார். கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகுதான் அடுத்த பேச்சு. "திரியில நெருப்பு வெச்சாச்சுன்னா ஒதுங்கி நிக்கணும் தங்கச்சி" என்பார்.

சென்னையில் அவரை வைத்தே வாரத் தொடர் எடுத்தார்கள். குவாரித் தொழிலாளியும் அவன் குடும்பமும்தான் கதை. நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்த என்னை மனைவி வேடத்துக்கு அவர்தான் சொல்லி அழைத்துப்போனார். ஸ்டூடியோவில் யாரும் சிரிக்கக்கூடாது. சிரிப்புச் சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்களாம். அண்ணன் வழக்கம்போலச் சொல்லிவிட்டு நிற்பார். வசனம் மறந்துபோச்சா என்று டைரக்டர் கத்துவார்.

ஒரு காட்சியில் நான் வாய் ஓயாமல் அவரைத் திட்டவேண்டும். திட்டினேன். எழுதித் தராத ஒன்றை அவராகச் சொன்னார்: "குவாரியில வெடிக்கறதுக்கு முன்னால சங்காவது ஊதுவாங்க." சொல்லிவிட்டு நின்றார். என்னால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். காட்சி கெட்டது, எனக்கு நல்ல வசவு விழுந்தது. திரும்பும் ரயிலில் அண்ணன் சொன்னார்: "நீ சிரிச்சது டிவியில வராது. ஆனா எனக்குக் கெடச்சிடுச்சு."

ஊரில் பஞ்சாயத்து டிவி முன்னால் குவாரி ஆட்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் நின்ற இடங்களையெல்லாம் வெட்டிவிட்டு, வேறெங்கோ சிரிப்பை ஒட்டியிருந்தார்கள். "பொட்டியே சிரிச்சுக்குதுண்ணே, நாங்க எதுக்கு?" என்றார் ஒருவர். சில வாரங்களில் தொடர் நின்றது. அதன்பிறகு அண்ணன் மேடை ஏறவேயில்லை. கொட்டகையிலும் பேசாமல் தனியே நிற்கிறார் என்று சொன்னார்கள்.

கடைசியாக நான் போனபோது கட்டிலில் படுத்திருந்தார். உடம்பைப் பற்றி விசாரித்தேன். அவர் வேறொன்றைக் கேட்டார்.

"அன்னிக்கு நெசமாவே சிரிச்சியா தங்கச்சி, இல்ல பாவப்பட்டுச் சிரிச்சியா?"

நெசமாத்தான்ணே என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவரோடு பழகியவர்களே, எனக்குப் பாவப்பட்டுச் சிரிக்கத் தெரியாது. அந்த அளவுக்கு நடிக்கத் தெரிந்திருந்தால் சென்னையிலேயே இருந்திருப்பேன். இப்போதும் அந்த வசனம் நினைவுக்கு வந்தால், வீட்டில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் அண்ணன் நம்பியிருப்பார்.