கம்பியில் கோத்த மாத்திரை அட்டைகள்

மாமா வீட்டுச் சமையலறை ஆணியில் ஒரு கொக்கிக் கம்பி தொங்கும். அதில் வரிசையாகக் காலி மாத்திரை அட்டைகள். கோக்கச் சொன்னவன் நான்.

மாமா என் அக்கா கணவர். கும்மிடிப்பூண்டியில் கட்டடக் கம்பி உருட்டும் மில்லில் இருவருக்கும் வேலை. அங்கே ஒவ்வொரு கம்பிக் கட்டுக்கும் ஒரு சீட்டு உண்டு. லாரியில் ஏற்றியதும் சீட்டைக் கிழித்துக் கொக்கிக் கம்பியில் கோக்க வேண்டும். ஷிப்டு முடிந்து கம்பியைக் காட்டினால்தான் ஏற்றியதை நம்புவார்கள். வாய்ப்பேச்சு எடுபடாது. சரிபார்க்கும் ஆள் நான்.

மாமாவுக்கு மாரடைப்பு வந்து இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்றார்கள். மாமா மறதிக்காரர். அதனால்தான் கம்பி. போகும்போதெல்லாம் அட்டைகளைத் திருப்பிப் பார்ப்பேன். அவர் சிரிப்பார்.

மூன்றாம் மாதம் எளாவூர் டீக்கடையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்டுக்குள்ளேயே அடைப்பு. அடைப்பை மறுபடி திறந்து காப்பாற்றினார்கள். எங்கள் மில் கிரேன்காரருக்கும் அதே ஸ்டென்ட், அதே மாத்திரை. அவர் தினமும் ஏணி ஏறிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. கட்டிலருகே நின்று கேட்டேன்.

"இன்னா மாமா, மாத்திரைய முழுங்குனியா, கோழிக்குப் போட்டியா?"

"முழுங்கிக்கினுதான் இருந்தேன் மச்சான்."

"அப்போ கிரேன்காரர் மட்டும் எப்டி கிண்ணுனு கீறாரு? மாத்திரைய கடாசிட்டு வெறும் அட்டைய கோத்துக்கினு இருந்தியா?"

அக்கா அழுதாள். "பசங்க மேல சத்தியம் பண்ணுய்யா" என்றாள். மாமா செய்யவில்லை. "அதான் கம்பில கீதே" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்து எங்கேயோ சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது. ஈரல் அதை மாத்திக் கொடுக்கணும். இவருக்கு அந்த சக்தி பிறவியிலேயே ரொம்பக் கம்மி. ஒழுங்கா போட்டும் பலன் இல்லாமப் போனது அதனாலதான். அவர் மேல தப்பு இல்ல. இவருக்குக் கேக்கற வேற மாத்திரை இருக்கு."

மாமா பொய் சொல்லவில்லை. பிழைக்க வழியும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன.

"இப்போ இன்னா சொல்ற மச்சான்?" என்றார் மாமா.

"டீ சாப்டறியா?" என்றேன்.

புது மாத்திரை இரண்டு வேளை. முதல் அட்டை காலியானதும் பழக்கத்தில் அதைக் கோக்கப் போனார். கையிலிருந்து வாங்கிக் குப்பையில் போட்டேன். நான் கேட்ட மன்னிப்பு அவ்வளவுதான். அவருக்குப் புரிந்தது.

இப்போது மாமா வேப்பம்பட்டில் மகனோடு இருக்கிறார். காலையில் ஸ்டேஷன்வரை நடந்து திரும்புகிறார். வீடு மாறிய அன்று கம்பியைத் தூக்கிப் போடப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். இன்று அது பழைய அட்டைகளோடு என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. மில்லுக்குப் புறப்படும்போது கண்ணில் படும். எல்லா அட்டையிலும், ஒரு குழி விடாமல் பிதுக்கி எடுத்திருக்கிறார்.