கண்ணாடியோரச் சீழ்க்கை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காரில் சீழ்க்கைச் சத்தம் வந்தது என்னால் அல்ல. என் முந்தானையாலும் அல்ல. இத்தனை வருடம் கழித்தும், கல்யாணம் சாவு என்று எங்கள் உறவில் நாலு பேர் கூடினால், "இவங்க ஏறினாலே அந்தக் காரு ஊதுமாமே" என்று யாராவது ஒருவர் சொல்லிச் சிரிக்கிறார். நானும் எத்தனை தடவைதான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

அது துணிக்கூரை போட்ட கார். பிரெஞ்சுக்காரர் வாயில் அந்தக் கூரைக்குக் கப்போத்து என்று பெயர். எங்கள் வீட்டிலும் அப்படியே சொன்னோம். மடக்கிப் பின்னால் தள்ளினால் திறந்த வண்டி, இழுத்து மாட்டினால் மூடிய வண்டி. என் கணவரின் அண்ணன் சைகோனில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றுத் திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். மனைவியை அந்த ஊர்க் கல்லறையில் விட்டுவிட்டுக் காரோடு வந்தார் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். முப்பதுகளின் நடுவில் எங்கள் தெருவில் வேறு கார் கிடையாது. அதனால் அவர் வந்த நாளிலிருந்து வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

அவர் எனக்கு மூத்தார் முறை. மூத்தாரிடம் ஒரு பெண் நேருக்கு நேர் பேசக்கூடாது என்பது எங்கள் வழக்கம். சோறு போட்டாகிவிட்டது என்பதைக்கூட நான் என் மகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவரும் என்னிடம் பேசமாட்டார். "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, கொழம்புல உப்பு இல்ல" என்று என் கணவரிடம் சொல்வார். நான் அங்கேயே கரண்டியோடு நின்றுகொண்டிருப்பேன். மரியாதை என்று இதற்குப் பெயர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போவோம். காரை ஓட்டுவது என் கணவர். பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்வது மூத்தார். பின்சீட்டில் நானும் மகளும். ஆண்கள் இரண்டு பேர் மட்டும் போகும்போது கப்போத்தைத் திறந்துவிட்டு, தொப்பியைக் கையால் பிடித்தபடி கடற்கரைச் சாலையில் பவனி வருவார்கள். நாங்கள் ஏறினால் மூடிவிடுவார்கள். பெண்கள் தலைமுக்காடு கலையக்கூடாதாம். திறப்பதற்கென்றே செய்த வண்டியில் நான் ஒருநாளும் வானத்தைப் பார்த்ததில்லை.

ஊர் தாண்டி நேர்ச்சாலையில் வேகம் எடுத்ததும் சத்தம் ஆரம்பிக்கும். பின்கதவுக் கண்ணாடிக்கும் கூரைத் துணிக்கும் நடுவில், சரியாக என் காதோரம், ஒரு சீழ்க்கை. வேகம் ஏற ஏற அது அலறலாகிவிடும். அதோடு கண்ணாடி வேறு தன் பள்ளத்தில் கிடந்து கடகடவென்று ஆடும். மகள் என் மடியில் கைவைத்து ஏதாவது சொன்னால் உதடு அசைவது மட்டும் தெரியும். முன்சீட்டில் இருவரும் தலையோடு தலை சேர்த்துக் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு போவார்கள். அவர்கள் பேச்சு ஒன்றும் பின்னால் வராது. வீட்டுக்கு வந்ததும், "வழியெல்லாம் இன்னா பேசிக்கினு வந்தீங்க?" என்று என் கணவரிடம் கேட்பேன்.

"ஒண்ணுமில்ல. என்ஜினைப் பத்தி" என்பார்.

காரில் சத்தம் என்று யாராவது சொன்னால் மூத்தாருக்கு மானம் போய்விடும். "என் வுவாத்தூர்ல, இந்தக் கார்ல, ஒரு கொறையும் இல்ல. பொம்பளைங்க ஏறும்போதுதான் ஊதுது. முந்தானைய கதவுல மாட்டிக்கினு உக்காந்தா ஊதாம இன்னா பண்ணும்?" என்று பூசை முடிந்து நிற்கிறவர்களிடம் சொல்வார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முந்தானையை இடுப்பில் வரிந்து செருகிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். அப்போதும் ஊதியது. அப்போதும் பழி எனக்குத்தான். மகளும் நானும் கதவைச் சரியாகச் சாத்தத் தெரியாதவர்கள் ஆனோம்.

பிறகு முத்தியால்பேட்டையில் ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே இடுக்கு முழுக்கச் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். சீழ்க்கை போய் நாய் ஊளை வந்தது. அடுத்ததாக மூத்தாரே யோசனை சொல்லி மெழுகை உருக்கி ஊற்றினார்கள். சித்திரை வெயிலில் அது உருகி என் ஒரே பட்டுப் புடவையில் வழிந்தது. "அங்க போயி ஏன் சாஞ்சிக்கினா?" என்று கேட்டாரே ஒழிய, ஐயோ புடவை போயிற்றே என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் சாய்ந்தேனாம்!

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில்தான், இந்தச் சனியனை நானே அடக்குகிறேன் என்று முடிவு செய்தேன். என் கணவர், "ஏதாவது பண்ணித் தொலை" என்றார். அதுதான் எனக்குக் கிடைத்த உத்தரவு.

அடுத்த ஞாயிறு காரில் போகும்போது ஒரு நூலை இடுக்கில் பிடித்துப் பார்த்தேன். காற்று உள்ளே அடிக்கிறது என்றுதானே எல்லோரும் சொன்னார்கள்? அப்படியானால் நூல் என் முகத்தை நோக்கி வர வேண்டும். அதுவோ விறைத்துக்கொண்டு வெளியே போனது. வண்டி வேகமெடுத்தால் துணி மேலே உப்புகிறது, இடுக்கு பெரிதாகிறது, உள்ளே இருக்கிற காற்று அதன் வழியாகப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. இடுக்கில் எதை அடைத்தாலும், துணி கிளம்பினால் அடைத்ததும் சேர்ந்து கிளம்பும். துணியைக் கீழே இழுத்துப் பிடிக்காமல் ஒன்றும் நடக்காது.

மூத்தார் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரத்தில் கார்க் கொட்டகையில் உட்கார்ந்து வேலை செய்தேன். கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் ஒட்டியிருந்த கம்பளிப் பட்டையைப் பூச்சி தின்று தீர்த்திருந்தது. என் கணவர் போடாமல் வைத்திருந்த பழைய ஃபெல்ட் தொப்பியைச் சுற்றிச் சுற்றி வெட்டிப் பட்டையாக்கி, வஜ்ஜிரப் பசை காய்ச்சி உள்ளே ஒட்டினேன். ஆட்டம் நின்றது. அப்புறம் கித்தான் துணியில் நீளமான குழாய் தைத்து, பஞ்சு திணித்து, கப்போத்தின் ஓரத்தில் வைத்துத் தைத்தேன். கண்ணாடி ஏறி அதில் அழுந்தி நிற்கும். ஓரத்தைக் கூரைச் சட்டத்தோடு தோல் வாரால் இறுக்கிக் கட்டினேன். முதல் மழையிலேயே பஞ்சு நனைந்து, ஈரக் கோழி மாதிரி தொங்கியது. பிரித்துவிட்டு இலவம்பஞ்சு வைத்துத் தைத்தேன். அது தண்ணீர் குடிப்பதில்லை. கித்தானில் ஊசி குத்திக் குத்தி என் விரல் நுனியெல்லாம் புண். கடைசியில் இறுக்கம் பார்க்க நாட்காட்டித் தாள் ஒன்றை இடையில் வைத்துக் கண்ணாடியை ஏற்றி இழுத்தேன். கிழிந்ததே தவிர வரவில்லை.

அந்த ஞாயிறு நேர்ச்சாலையில் வேகம் எடுத்தார்கள். சீழ்க்கை இல்லை. ஆட்டம் இல்லை. என்ஜின் ஓடுகிற சத்தமும் சக்கரத்தில் சரளைக்கல் நெரிகிற சத்தமும்தான். மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன், மிகவும் பெருமையாக இருந்தது.

முன்சீட்டில் அதை யாரும் கவனிக்கவில்லை. அவர்களுக்குக் கத்திப் பேசியே பழக்கம். எப்போதும்போல் கத்திப் பேசினார்கள்.

"பள்ளிக்கூடம் தொறந்தா பொண்ண அனுப்பாத" என்றார் மூத்தார். "படிச்சது போதும். சைகோன்ல எனக்குக் கீழ வேலை பார்த்தவன், பொண்டாட்டி செத்துட்டா, நல்ல மனுஷன். வார்த்தை குடுத்துட்டேன்."

"அவருக்கு வயசு…" என்று இழுத்தார் என் கணவர்.

"வயசு இன்னா வயசு? அலோர், அப்புறம் இன்னா, சம்பளம் வருது இல்ல?"

"சரிண்ணே. அவகிட்ட எப்படி சொல்றது?"

"அவகிட்ட எதுக்குச் சொல்லணும்? கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கறப்ப தெரிஞ்சிக்கறா."

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெவே என்ற பிரெஞ்சுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சராக வேண்டும் என்று பூனைக்கும் நாய்க்கும் பாடம் நடத்துகிற பெண். என் கையைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே சில்லிட்டுப் போனது. அவளுக்கும் எல்லாம் கேட்டுவிட்டது.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. என் தாய்வீட்டுச் சீதனமாக வந்த தென்னந்தோப்பை விற்றது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான். என் அம்மாவை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான். எல்லாம் என்ஜினைப் பற்றி! என் வாழ்க்கையை என் மூக்குக்கு முன்னால் வைத்துப் பேசியிருக்கிறார்கள், என் காதில் சீழ்க்கையை ஊதிவிட்டு. பெற்றவளுக்கு, மகளின் கல்யாணம் கோயிலில் ஓலை வாசிக்கும்போது ஊரோடு சேர்ந்து தெரிந்தால் போதுமாம்.

நான் மகளைப் பார்த்துப் பேசவில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பேசவில்லை. மூத்தாரின் பிடரியைப் பார்த்துப் பேசினேன். குரலை உயர்த்தக்கூட வேண்டியிருக்கவில்லை.

"என் பொண்ணு பள்ளிக்கூடம் போவா."

என் கணவர் பிரேக்கை மிதித்தார். கார் சாலையோரப் புளியமரத்தடியில் போய் நின்றது. மூத்தார் திரும்பவில்லை. "உன் பொண்டாட்டி யார்கிட்ட பேசறா?" என்றார் என் கணவரிடம்.

"உங்ககிட்டதான்" என்றேன். "ஓலை வாசிக்கறப்ப, தடை ஏதாவது இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் கேப்பாரு இல்ல? அப்ப நான் எழுந்து நிப்பேன். ஜனங்க எல்லார் முன்னாலயும், இது பெத்தவளுக்குத் தெரியாம காருக்குள்ள பேசி முடிச்ச கல்யாணம்னு சொல்லுவேன். முந்தானையாலதான் சத்தம் வந்துச்சுன்னு அப்பவும் சொல்லிக்குங்க."

மாதா கோயிலுக்குப் போகாமலே வண்டியைத் திருப்பினார்கள். அந்த வாரம் பள்ளிக்கூடம் திறந்த அன்று நானே மகளை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் மடத்து வாசலில் விட்டுவிட்டு வந்தேன். சைகோன்காரர் பேச்சை அதன் பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. என் கணவர் என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டுவிட்டுப் போனார். நானும் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனால், கண்ணாடிப் பள்ளத்திலிருந்து ஃபெல்ட்டைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். தோல் வாரைக் கத்தியால் அறுத்திருந்தார்கள். கித்தான் குழாய் கிழிந்து கிடந்தது, தரையெல்லாம் இலவம்பஞ்சு பறந்துகொண்டிருந்தது.

"அண்ணன்தான் எடுக்கச் சொன்னாரு" என்றார் என் கணவர், சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டே. "வண்டிக்குக் கொஞ்சம் காத்து போய்வரணுமாம்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாதக்கணக்காக அந்தச் சத்தத்துக்கு ஊரெல்லாம் என் மேல் பழி சொன்னவர்கள்! டியூபை ஒட்டியவர்கள், மெழுகை ஊற்றியவர்கள், என் புடவையைக் கெடுத்தவர்கள்! சத்தம் நின்ற வாரமே அவர்களுக்கு அது மறுபடி வேண்டும் என்று ஆகிவிட்டது.

மூத்தார் கோட்டைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். நான் முன்கதவைத் திறந்து, அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்து, முந்தானையை உள்ளே இழுத்துச் செருகி, கதவைச் சரியாகச் சாத்திக்கொண்டேன். மகள் பின்னால் ஏறினாள். தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தார் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். என் கணவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ஜினைக் கிளப்பினார். மூத்தார் பின்சீட்டில், நான் வழக்கமாக உட்காரும் மூலையில் ஏறிக்கொண்டார்.

நேர்ச்சாலை வந்தது. வேகம் எடுத்ததும் பின்னால் சீழ்க்கை கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் மூத்தார் முன்னால் குனிந்து ஏதோ கத்தினார். மறுபடி கத்தினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

"அண்ணன் இன்னா சொல்றாரு?" என்று என் கணவர் என்னைக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. என்ஜினைப் பத்தி" என்றேன்.