எட்டடி ராம்ப்

ஓசூரில், கட்டுமான இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் நான் பொறியாளராக இருந்தேன். இயந்திரங்களை லாரியில் ஏற்றி அனுப்புவதும், அதற்கு வேண்டிய சாமான்களை வாங்குவதும் என் பொறுப்பு. ராம்ப் அவற்றில் ஒன்று. லாரியின் பின்பக்கம் சாய்த்து வைத்தால் இயந்திரம் அதன் மேல் ஏறிப்போகும். இரண்டு இரும்புப் பலகைகள், அவ்வளவுதான்.

கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று பன்னிரண்டடி நீளம், பிடிப்புக்காக மேலே பல் பல்லாக வெட்டியது. மற்றது எட்டடி, வழவழவென்று இருந்தது. எங்களுக்குப் பாதி வேலை கர்நாடகத்தில். நீளமானது லாரிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், எல்லையில் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள் என்று எட்டடியை எடுத்தேன். மடங்கும் வகை உண்டா என்று கேட்கக்கூட இல்லை. ஐந்து டன் தாங்கும் என்று அதில் பொறித்திருந்தது. சாலையை அழுத்திச் சமமாக்கும் எங்கள் சின்ன ரோலர் மூன்று டன். எடையைப் பார்த்தேன், சரிவைப் பார்க்கவில்லை. நாலடி உயர லாரிக்கு எட்டடி ராம்ப் எவ்வளவு செங்குத்தாக நிற்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு.

ரோலர் ஓட்டுபவர் சிங்காரப்பேட்டைக்காரர், என்னைவிட இளையவர். வேலையில் நிதானமானவர். புது ராம்ப் போட்ட முதல் நாள், அதைப் பார்த்ததும் ரோலரிலிருந்து இறங்கி வந்தார்.

“சார், ரொம்ப நெட்டுக்குத்தா நிக்குதுங்க. இரும்பு மேல இரும்பு ஏறணும். தூறல் வேற.”

லாரி ஓட்டுநர் சிரித்தார். “என்ன சார், ரோலரை மாடியில குடி வெக்கப் போறீங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. “அஞ்சு டன்னுன்னு போட்டிருக்கு, படிக்கத் தெரியுமில்ல? ஏத்துப்பா,” என்றேன் ரோலர்காரரிடம்.

ஏற்றினார். முக்கால்வாசி ஏறியதும் உருளை வழுக்கிப் பக்கவாட்டில் போனது. ரோலர் சாய்ந்து விழுந்தது. அவருடைய இடது பாதம் அடியில் மாட்டிக்கொண்டது.

அன்று மாலை, இயந்திரங்கள் நிறுத்தும் யார்டில் தனியாக நின்று சரிவை அளந்தேன். யார் ஓட்டியிருந்தாலும் வழுக்கியிருக்கும். அது தெரிந்த பிறகுதான், ரோலர் ஓட்டியவர் நேராக ஏற்றவில்லை என்று அறிக்கை எழுதினேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரே சொன்னார்: “என் கைதான் கொஞ்சம் இழுத்துருச்சு போல சார். மன்னிச்சுக்கங்க.”

“சரி விடு. இனிமே பாத்து நடந்துக்க,” என்றேன். படுத்தபடியே கும்பிட்டார். அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த மாதமே மடங்கும் பன்னிரண்டடி ராம்ப் வாங்கினேன்.

பாதம் ஓரளவு தேறியது. திரும்பக் கூப்பிட்டும் அவர் வரவில்லை. தன் கையை நம்ப முடியவில்லை என்றாராம். ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். வருடங்கள் கழித்து நானும் ஓய்வு பெற்றேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

சென்ற மாதம் மத்திகிரியில் அவர் குடியிருக்கும் வாடகை வீட்டைத் தேடிப் போனேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ராம்ப், சரிவு, அளந்தது, அறிக்கை எல்லாவற்றையும் சொன்னேன்.

தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். “அப்ப என் கை இழுக்கலீங்களா?”

“இழுக்கல.”

உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். “இங்க வா. சார் சொல்றதைக் கேளு.” அவர் மனைவிக்காக எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

“வீட்டு ஸ்கூட்டியைக்கூட இவர் தொடறதில்லீங்க,” என்றார் அந்த அம்மா. “கடைக்குப் போனாலும் நான்தான் பின்னால உக்கார வெச்சு ஓட்டுறேன்.”

“ஆஸ்பத்திரியில கும்பிட்டேனே சார்,” என்றார் அவர். “அப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. அந்த அம்மா வாசலை விட்டு நகர்ந்து வழிவிட்டார். எழுந்து வெளியே வந்தேன்.