சனிக்கோளைப் பற்றிக் கேட்டவர்

ஒரு சனிக்கிழமை காலை, தேனியிலிருந்து குச்சனூர் போகும் பேருந்தில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் தையல் போட்ட நீளத் தழும்பு. மடியில் எள் பொட்டலம். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கை அழுத்தியது.

என் கையிலிருந்த அறிவியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

"ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போற ஜீப் ஓட்டுனேன். மலை ரோட்டு வளைவுல உருண்டுருச்சு. நாலு பொம்பளைக செத்துப் போனாக. ஏழரைச் சனிதான் இழுத்துருச்சுன்னு சோசியர் சொன்னாக. அன்னையிலருந்து வாராவாரம் இந்தச் சனீஸ்வரன் கோயிலுக்கு வர்றேன்." பிறகு என் புத்தகத்தைக் காட்டிக் கேட்டார். "அந்தச் சனி அங்கன மேல என்னதான் சார் பண்ணுது?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சூரியன் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதுவோ பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் விழவும் முடியாமல் விலகவும் முடியாமல் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு இருபத்தொன்பதரை வருஷம்.

"நம்மள அதுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதுங்க. அது வெறும் வாயு உருண்டை."

எள் பொட்டலத்தை மடியிலிருந்து எடுத்துக் காலடியில் வைத்தார். பிறகு மெதுவாக, "அப்ப அன்னைக்குக் கண்ணசந்தது நான்தான்," என்றார்.

குச்சனூரில் இறங்கியவர் கோயில் பக்கம் போகவில்லை. தேனிக்குத் திரும்பிப் போக நின்ற பேருந்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆனாலும் வகுப்பில் கோள்களைப் பற்றிய பாடம் வரும்போது, பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து என்னால் நடத்த முடிவதில்லை.