கிராஸ் போட்ட இடத்தில் கையெழுத்து

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பினாங்குத் தீவில், பாயான் பாருவில் என் வீட்டுக் கேட்டுக்கு வெளியே லெட்சுமி நின்றிருந்தார். கையில் ஒரு கடிதம்.

"டீச்சர், இது உங்க கையெழுத்துதானே?"

லெட்சுமி, பாலத்துக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் என் அத்தான் நடத்தும் அட்டைப்பெட்டி ஃபேக்டரியில் பதினெட்டு வருஷமாக சூப்பர்வைசர். சுங்கை பாக்காப்பிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர். மாதக் கடைசியோடு அவருக்கு வேலை இல்லை என்றது கடிதம். கீழே இரண்டு டைரக்டர்களின் கையெழுத்து. ஒன்று அத்தானுடையது. இன்னொன்று... சாட்சாத் என்னுடையதேதான்.

உங்களிடம் இத்தனை நாள் மறைத்துவிட்டேன். இந்தப் பத்தியை எழுதும் பென்ஷன் டீச்சர் ஒரு கம்பெனி டைரக்டர். அத்தான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தன் ஃபேக்டரியை சென்டிரியான் பெர்ஹாட், அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றியபோது, அன்றைய சட்டப்படி இரண்டு டைரக்டர்கள் வேண்டியிருந்தார்கள். அவர் மனைவியான என் அக்கா, "எனக்கு இந்த வம்பெல்லாம் வேணாம்" என்று நழுவிவிட்டாள். நான் மாட்டினேன். சம்பளம்? தீபாவளிக்கு ஒரு ஹாம்பர், பரிசுக்கூடை. அதிகாரம்? அதிலிருக்கும் பிஸ்கட் டின்னை யாரையும் கேட்காமல் திறக்கலாம்.

வேலையும் சுலபம். கம்பெனி செக்ரட்டரி ஆபீஸிலிருந்து ஒருவர் ஃபைலோடு வருவார். கையெழுத்து வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் கிராஸ் போட்டிருக்கும். போட்டுக்கொண்டே போவேன். அவருக்குக் கொடுத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். 'கேள்வியை முழுசாப் படி, அப்புறம் பதில் எழுது' என்று முப்பது வருஷம் பிள்ளைகளைத் திட்டியவள்தான் நான்.

"நான் என்னா தப்பு செஞ்சேன் டீச்சர்? சின்னவன் இன்னும் படிப்பை முடிக்கல" என்றார் லெட்சுமி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

விசாரித்தேன். அத்தான் மகன் புதிதாக ஜெனரல் மேனேஜராக வந்திருக்கிறான். பசை காய்வதற்கு முன்னாலேயே பெட்டிகளை அடுக்கச் சொல்லியிருக்கிறான். "ஒட்டாது தம்பி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார் லெட்சுமி. ஒட்டவில்லை. அதுதான் அவர் செய்த குற்றம்.

கூட்டக் குறிப்பை வரவழைத்துப் படித்தேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, கம்பெனியின் மீட்டிங் ரூமில், டைரக்டர்கள் இருவரும் நீண்ட நேரம் விவாதித்து ஏகமனதாக முடிவெடுத்தார்களாம். அந்த மூன்று மணிக்கு நான் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தேன். ஆனாலும் நீண்ட நேரம் விவாதித்திருக்கிறேன் — என்ன ஒரு திறமை பாருங்கள்.

நம் ஊரில் எத்தனை கம்பெனிகள் இப்படி ஓடுகின்றன? முடிவு சாப்பாட்டு மேசையில். கூட்டம் ஃபைலில். வேலை போவது மட்டும் நிஜத்தில்.

அடுத்த ஃபைலுக்காகக் காத்திருந்தேன். அடுத்த வாரமே வந்தது. அத்தான் மகனையும் டைரக்டராக்கும் தீர்மானம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன். வந்தவர் நெளிந்தார்.

"டீச்சர், கிராஸ் போட்ட எடத்துல போட்டா போதும் லா."

"தெரியும் தம்பி. அதான் படிக்கிறேன்."

கையெழுத்துப் போடாமலே ஃபைலைத் திருப்பி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அத்தான் போன்.

"என்னா கமலா, இதெல்லாம் ஃபார்மாலிட்டிதானே?"

"லெட்சுமிக்கு வேலை போனதும் ஃபார்மாலிட்டியா அத்தான்? கூட்டம் கூட்டுங்க. நிஜக் கூட்டம். நான் வர்றேன்."

"குடும்பத்துக்குள்ள யாரு லா மீட்டிங் போடுவா?"

"பன்னெண்டு வருஷமா போட்டுட்டுத்தானே இருக்கோம். பேப்பர்ல இருக்கே."

பினாங்குப் பாலம் தாண்டி ஃபேக்டரிக்குப் போனேன். மீட்டிங் ரூமின் கதவைத் திறக்க முடியவில்லை. உள்ளே கூரை வரை அட்டைப்பெட்டிகள் — எல்லாம் ஒட்டாதவை. கடைசியில் கேன்டீனில் உட்கார்ந்து, கம்பெனி வரலாற்றிலேயே முதல் கூட்டத்தை நடத்தினோம். பத்து நிமிஷம்தான். அத்தான் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையெழுத்து இல்லாமல் மகன் டைரக்டராக முடியாதே; லெட்சுமியைத் திரும்ப எடுப்பதென்று முடிவானது. மகன் டைரக்டராவது பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் நானே புதுக் கடிதத்தோடு சுங்கை பாக்காப்புக்குப் போனேன். லெட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தை நீட்டி, அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, பேனாவையும் திறந்து கொடுத்தேன். பழக்க தோஷம்.

அவர் பேனாவை வாங்கவில்லை. கடிதத்தை மட்டும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

"படிச்சிட்டு நாளைக்குப் போட்டுத் தர்றேன் டீச்சர்."

பன்னிரண்டு வருஷமாக எங்கள் கம்பெனியில் இல்லாத, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் டைரக்டர், இந்தம்மாதான்.