கரியாலூர் அருவியில் விழாத கேப்ஸ்யூல்

விண்வெளியிலிருந்து கேப்ஸ்யூல் திரும்பி வந்த நாளில் நான் போட்ட கூச்சலைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் பல கதைகள் உலவுகின்றன. பயத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பது அவற்றில் ஒன்று. அது பொய். ஒளிந்துகொள்ளப் போனேன்; தொட்டி சின்னது, நான் இரண்டு பக்கமும் பிதுங்கினேன். புதிதாகச் சேர்ந்திருப்பவர்கள் உண்மையை என்னிடமே தெரிந்துகொள்ளட்டும்.

சரக்கு விண்கலம் வேலை முடிந்ததும் காற்றுமண்டலத்தில் எரிந்து போகும். அதற்கு முன் தன் வயிற்றிலிருந்து ஒரு சிறிய கேப்ஸ்யூலைக் கழற்றிவிடும். பிரியாணி அண்டா அளவுதான் இருக்கும். அதற்குள் ஐஸ் பெட்டியில், எடையற்ற இடத்தில் வளர்த்த மருந்துப் படிகங்கள். அது தீப்பந்தாக இறங்கி, பாராசூட் விரித்து, வங்காள விரிகுடாவில் விழ வேண்டும். ஐஸ் உருகுவதற்குள் கப்பல் போய்த் தூக்க வேண்டும். தாமதித்தால், பல பேருடைய பல வருட உழைப்பு வெறும் கலங்கல் தண்ணீர்.

கேப்ஸ்யூலில் பீக்கன் என்று ஒரு ரேடியோக் கருவி உண்டு. பாராசூட் விரிந்ததும் அது நிதானமாக 'பீப்... பீப்' என்று கூவும். தண்ணீர் பட்டால் படபடவென்று கூவும். கப்பலில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்பி, சத்தம் வரும் திசையைச் சொல்வார். உயரமான இடத்திலிருந்து இன்னொருவர் சொல்வார். இரண்டு திசைக் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சரக்கு. அந்த இன்னொருவன் நான். இடம், வெள்ளிமலையில் ஒரு வீட்டு மொட்டைமாடி. "நீங்க அந்தப் பக்கத்துக்காரர், மலை பழக்கம் இருக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள். நான் மணலூர்பேட்டைக்காரன். ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு மலை என்ன பழக்கம்? வளைவுக்கு வளைவு ஜீப்பை நிறுத்தி வாந்தி எடுத்துத்தான் மேலே போய்ச் சேர்ந்தேன்.

அன்று காலை ஆன்டெனாவைச் சோதிக்க, அதே மாதிரி ஒரு டெஸ்ட் பீக்கனை ஜீப்பில் வைத்துச் சுற்றிவரச் செய்தேன். வேலை முடிந்ததும் அதை ஆஃப் செய்தேன். பயத்தில் எனக்குப் பசிக்கும். ஜீப் டிரைவர் அண்ணாமலையிடம் டிபன் வாங்கி வரச் சொன்னேன்.

"கரியாலூர் போயி வாங்கினு வந்துர்றேன் சார். இங்க கடை இன்னும் தொறக்கல."

அவர் போனார். கேப்ஸ்யூல் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்துவிட்டது என்று சென்னையிலிருந்து செய்தி வந்தது. நெருப்பு சூழ்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் எந்த ரேடியோவும் கேட்காது. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கேட்டது. படபடவென்று. தண்ணீரில் விழுந்த பீக்கன்!

ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பினேன், சத்தம் குறைந்தது. கரியாலூர்ப் பக்கம் திருப்பினேன். மீட்டர் முள் எகிறியது. கரியாலூரில் தண்ணீர் எங்கே இருக்கிறது? அருவியில். அருவியில் யார் இருப்பார்கள்? குடும்பம் குடும்பமாகக் குளிக்க வந்தவர்கள். சாட்டிலைட் போனை எடுத்தேன்.

"மேடம், கேப்ஸ்யூல் கரியாலூர் அருவியில விழுந்திடுச்சு!"

எங்கள் மிஷன் தலைவி மைதிலி மேடம் குரலை உயர்த்தவே மாட்டார். "அது இப்பதான் மேல எரிஞ்சுக்கிட்டு வருது. அதுக்குள்ள அருவியில எப்படிங்க குளிக்கும்?"

"மீட்டர் சொல்லுது மேடம்."

"கப்பல் கேப்டன் லைன்ல இருக்காரு. உங்க திசையை நம்பித்தான் கப்பலைத் திருப்பணும். அருவிக்கு விடச் சொல்லட்டுமா?"

அதற்குள் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அருவியில் விழுந்த பொருள் மேட்டில் ஏறி, வளைவுகளில் திரும்பி, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. தொட்டிப் படலம் நடந்தது அப்போதுதான். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. வாசலில் ஹார்ன் சத்தம்.

"சார், இட்லி தீந்துடுச்சு. போண்டாதான் கீது."

கீழே ஓடினேன். ஜீப்பின் முன் சீட்டில் டெஸ்ட் பீக்கன். அதன்மேல் சொட்டச் சொட்ட ஒரு துண்டு.

"யோவ், இன்னாய்யா இது?"

"துண்டு சார். அருவில ஒரு முழுக்கு போட்டேன். அந்தப் பொட்டி மேலதான் வெயில் நல்லா உழுந்துது, காயட்டும்னு போட்டேன்."

ஆஃப் செய்திருந்தாலும் தண்ணீர் பட்டால் தானாகக் கூவும்படி நாங்கள்தான் செய்திருந்தோம். கடலில் யார் போய் ஸ்விட்ச் போடுவது? இது இங்கே கத்திக்கொண்டிருந்தால் அங்கே உண்மையான கேப்ஸ்யூல் கூவுவது காதில் விழாது. பாராசூட் விரியும் நேரமோ நெருங்கிவிட்டது. சட்டையைக் கழற்றித் துடைத்தேன். ஈரம் போகவில்லை.

"ஊதுய்யா!"

"இன்னாத்துக்கு சார்?"

"அப்புறம் சொல்றேன், ஊது!"

நடுத்தெருவில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு பெட்டியின் முன் மண்டியிட்டு ஊதினோம். அது அடங்கியது. மாடிக்கு ஓடி, ஆன்டெனாவைக் கிழக்கே திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இரைச்சல். வெறும் இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்கு அடியில், கொசு முனகுவது போல, 'பீப்...' அவசரமே இல்லாமல் இன்னொரு 'பீப்...'

"மேடம், திசை கிடைச்சிடுச்சு. கடல்தான்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும் மேடம். ரொம்ப மெல்லமாக் கேக்குது."

என் கோடும் கப்பலின் கோடும் வெட்டிய இடத்துக்குக் கப்பல் போனது. ஐஸ் உருகுவதற்கு முன் தூக்கிவிட்டார்கள். செய்தி வந்ததும் சட்டையில்லாமல் உட்கார்ந்து போண்டா எல்லாவற்றையும் தின்றேன். அண்ணாமலைக்கு ஒன்றுகூட வைக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு பீக்கனும் தனக்கென்று ஓர் அடையாளக் குறியோடுதான் கூவுகிறது. ஆனாலும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெகுதூரத்திலிருந்து வருவது மெல்லத்தான் கேட்கும். சிக்னல் பலமாக வந்தால் கைதட்டாதீர்கள். அக்கம்பக்கத்தில் யார் குளித்துவிட்டு வந்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள்.